பாதி இஞ்சின் மெக்கானிக்

போன வாரம் பஸ் டிப்போவிலிருந்து போன் வந்தது. இஞ்சின் ஷாப்பில் செக்‌ஷன் முறையை எடுத்துவிடப் போகிறார்களாம். அடிப்பாகத்துக்கு ஒருத்தர், ஹெட்டுக்கு ஒருத்தர், பம்ப்புக்கு ஒருத்தர் என்பதெல்லாம் இனிக் கிடையாது. ஓர் இஞ்சின் உள்ளே வந்தால் கழற்றுகிறவரே பூட்டி, ஓட்டிக் காட்டி, வெளியே அனுப்ப வேண்டுமாம். “இதை எதிர்த்துக் கடிதம் கொடுக்கிறோம் சார். நீங்கள் முப்பத்து நாலு வருடம் கிராங்க் செக்‌ஷனில் ராஜாவாக இருந்தவர். உங்கள் அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தாருங்கள், கடிதத்தோடு சேர்த்து வைக்கிறோம்” என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் இது நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது, தம்பிகளா. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கிழவன் காலை வாரிவிட்டான் என்று வையாதீர்கள்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர். இருபத்தோரு வயதில் டிப்போவில் ஹெல்பராகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் டீசல் தொட்டியில் சாமான் கழுவியதுதான் என் காலேஜ் படிப்பு. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, சாப்பாட்டைப் பிசைந்தால் எரியும். அம்மா ஸ்பூன் வாங்கிக் கொடுத்தாள். நான்காம் வருடம் கிராங்க் செக்‌ஷனில் போட்டார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேயேதான் இருந்தேன்.

வெளியாட்கள் இதைப் படித்தால் புரிய வேண்டும் அல்லவா, அதனால் சொல்கிறேன். இஞ்சினின் கீழ்ப்பாதிதான் கிராங்க் செக்‌ஷன். எல்லாவற்றையும் சுற்றவைக்கிற கிராங்க், அதைத் தாங்கும் பேரிங்குகள், மேலும் கீழும் போய்வருகிற பிஸ்டன், அது ஓடுகிற லைனர். இவ்வளவும் எங்கள் ராஜ்ஜியம். மேலே மூடியாக உட்காரும் ஹெட் பக்கத்து செக்‌ஷனுக்குப் போய்விடும். டீசலைப் பீய்ச்சுகிற பம்ப்பும் இன்ஜெக்டரும் கண்ணாடிக் கதவு போட்ட பம்ப் ரூமுக்குப் போய்விடும். அந்த அறைக்குள் போக வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நாங்கள் அதைக் கோயில் என்று கேலி பேசுவோம். உள்ளே போக எங்களுக்கு வேலையும் இருந்ததில்லை.

என் பாதியில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பீற்றிக்கொள்ளவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். பேரிங்கை நகத்தால் வருடியே தேய்மானம் சொல்லுவேன். பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற மூன்று ரிங்குகளின் வாயும் மூன்று பக்கம் பார்க்க வேண்டும், ஒரே நேராக வந்துவிட்டால் காற்று அந்த வழியாகக் கீழே இறங்கிவிடும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். பேரிங்கை மூடுகிற ஒவ்வொரு கேப்பையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுக் கடைசியில் சுற்றிப் பார்க்கிறவன் சோம்பேறி. எந்தக் கேப் கிராங்கை இறுக்கிப் பிடிக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது.

கடைசி ஒன்பது வருடம் எனக்கு மேலதிகாரியாக வந்தவர் லலிதா மேடம். மாட்டுங்காவில் வளர்ந்தவர், பாலக்காட்டுக் குடும்பம், டிப்ளமா படித்தவர். அந்தக் கண்ணாடி அறையிலேயே இருபது வருடம் இருந்துவிட்டு, இஞ்சின் ஷாப் முழுவதற்கும் ஃபோர்மனாக வந்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதுதான் எனக்கு எரிச்சலே. முந்தைய ஃபோர்மன் மராத்தியில் தாய் தகப்பனை இழுத்துத் திட்டுவார், மத்தியானம் தோளில் கை போட்டுச் சாய் வாங்கிக் கொடுப்பார், கணக்குத் தீர்ந்துவிடும். இந்த அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பார். எதையும் தொட மாட்டார். நாம் வேலையை முடித்து நிமிர்ந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

“எத்தனை எடுத்தேள், முத்தையா? எத்தனை போட்டேள்?”

கழற்றுகிற எதையும் கழற்றிய வரிசையிலேயே தட்டில் பரப்ப வேண்டும், பூட்டும்போது தட்டு காலியாகிக்கொண்டே வர வேண்டும் என்பது அவர் சட்டம். பதினாறு போல்ட் என்றால் பதினாறு என்று வாயால் சொல்ல வேண்டும். ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். “மேடம், நான் என்ன பலசரக்குக் கடையா வச்சிருக்கேன், எண்ணி எண்ணி எடுத்து வைக்க?” ஷாப்பே சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்தார். “சரி, இப்போ சொல்லுங்கோ. எத்தனை?” என்றார்.

ஒரு தடவை நான் பூட்டிய இஞ்சினுக்கு டெஸ்ட் பெஞ்சில் ஆயில் பிரஷர் ஏறவில்லை. முள் பாதியில் நின்றது. ஆயில் பம்ப்பை மாற்றிப் பார்த்தார்கள், அப்படியேதான் நின்றது.

“முத்தையா, அடியைத் திறங்கோ” என்றார் மேடம்.

“என் அடி சரியாத்தான் இருக்கு மேடம். இந்தக் கையில எத்தனை இஞ்சின் போயிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

“அதை நான் கேக்கலை. இதிலேர்ந்து எத்தனை எடுத்தேள்னுதான் கேக்கறேன்.”

கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் எறிந்தேன். எறிந்துவிட்டுத் திறந்தேன், வேறு வழி? ஆயில் ஓடுகிற துளைகளைக் கழுவுவதற்காகச் சின்னச் சின்ன அடைப்புத் திருகுகளைக் கழற்றுவோம். அதில் ஒன்றைத் திரும்பப் போடவே இல்லை நான். கழுவுகிற தட்டின் அடியில், கசடுக்குள், சுண்டுவிரல் நுனி அளவுக்குக் கிடந்தது. அப்படியே அந்த இஞ்சின் பஸ்ஸில் ஏறியிருந்தால் ஒரே நாளில் பேரிங் உருகியிருக்கும். மேடம் அதைப் பார்த்தார். “போட்டு மூடுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ரிப்போர்ட்டில் என் பேரே இல்லை. மறுபடி ஓட்டிப் பார்த்ததில் சரி என்று எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

நியாயமாக நான் அன்றைக்கு அவரைக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கோ உள்ளே புகைந்தது. கையில் கறையே படாத பம்ப் ரூம்காரர், அதுவும் ஒரு பெண், என் தப்பைப் பார்த்துவிட்டாரே என்று. சே, இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று, கழுத்தில் மாலையும் சால்வையுமாக ஒவ்வொரு மேஜைக்கும் போய் பேடா கொடுத்தேன். அவர் கேபினை மட்டும் பார்க்காத மாதிரித் தாண்டி வந்துவிட்டேன். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இனி டிராக்டர் கதைக்கு வருகிறேன்.

இப்போது நான் செம்பூரில், வாஷி நாக்காவுக்குப் பின்னால் மலையடியில் இருக்கிறேன். கீழ்வீடு. வாசலில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் உண்டு. மேலே சரிவு முழுக்க வீடுகள். குழாய்த் தண்ணீர் அடிவாரத்தோடு நின்றுவிடும், மேலே ஏறாது. லாரி டேங்கரும் அந்தச் சந்துக்குள் திரும்ப முடியாது. அங்கே தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது இசக்கியம்மாளின் டிராக்டர்தான். நாசிக் பக்கம் வெங்காய வயலில் உழுதுகொண்டிருந்த பழைய வண்டி. அவள் புருஷன் அதை வாங்கி வந்து, பின்னால் சின்ன டேங்கரை மாட்டி ஓட்டினான். அவன் நெஞ்சுவலியில் போன பிறகு இசக்கியே ஓட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் அந்த மேட்டில் ஏறுவதைப் பார்க்க வேண்டும், ரிக்‌ஷாக்காரர்கள் தானாக ஒதுங்குவார்கள்.

போன மே மாதம், பாதி மேட்டில், இஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் போகிற ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. அங்கே நிறுத்தினால் நிறைந்த டேங்கர் பின்னால் இழுத்துக்கொண்டு போய் வீடுகள் மேல் விழும். அவள் நிறுத்தவில்லை. இஞ்சின் கொதிக்கக் கொதிக்க மேலே சமதரை வரை ஏற்றித்தான் நிறுத்தினாள். ஜனங்கள் தப்பினார்கள், இஞ்சின் போய்விட்டது.

நாலு நாள் கழித்துக் கயிறு கட்டிக் கீழே இழுத்து வந்து என் வாசலில் நிறுத்தினாள்.

“அண்ணாச்சி, நீங்க பஸ்ஸு இஞ்சினே பாத்தவுக. இது என்ன, மூணே சிலிண்டரு. ஓடுமா ஓடாதா? ஒரு வார்த்தை சொல்லிருங்க. மறு ஞாயித்துக்கெழம பங்கார்க்காரர் எடுத்துட்டுப் போவ வாராரு.”

பங்கார்க்காரர் என்றால் பழைய இரும்பு வாங்குகிறவர். வண்டியை அவருக்குக் கொடுத்துவிட்டு, விக்ரோலியில் ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போவதாக ஏற்பாடு. காலை ஆறுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் திரும்ப முடியும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளை ஒன்று, படுக்கையிலிருக்கும் மாமியார். மேலே ஜனங்கள் கேனையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்திருந்தார்கள்.

அளவுக்கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயில் பால் ஊற்றின சாயா மாதிரி இருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

“ஓடும்” என்றேன். “பங்கார்க்காரன் வாரதுக்கு முன்னால சாவி உன் கையில. போ.”

என் மனைவி செல்வக்கனி கதவுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டினேன். பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் பாரம் தூக்க வந்தார்கள். ஹெட்டை இறக்கியதும் அதிலிருந்த மூன்று இன்ஜெக்டரையும் கழற்றி ஒரு பம்ப் கடைக்கு அனுப்பினேன். ஹெட் குர்லாவில் ஒரு லேத் கடைக்குப் போயிற்று. இரண்டும் டிப்போவில் செய்கிற மாதிரியே, அவரவர் வேலையை அவரவரிடம் கொடுத்துவிட்டு, என் பாதியில் இறங்கினேன். அடடா, அந்த ஒரு வாரம்! ரிடையர் ஆனதிலிருந்து தூக்கத்தில் இருந்த கை விழித்துக்கொண்டது. பழைய லைனர்களை உருவினேன். புது லைனரின் ரப்பர் வளையத்துக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, கட்டையை வைத்துத் தட்டி இறக்கினேன். ரிங்குகளை வாய் மாற்றி வைத்தேன். ஒவ்வொரு கேப்பாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “கியா பாத் ஹை, சாச்சா!” என்றார் எதிர்வீட்டு ரஃபீக், பிரமாதம் பெரியவரே என்று. சாச்சாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், ஹெட்டும் இன்ஜெக்டரும் வந்து எல்லாம் பூட்டி முடித்தேன். இசக்கியை வரச்சொல்லி ஸ்டார்ட் பண்ணினேன். நாலு தடவை இழுத்த பிறகு பிடித்தது. பிடித்ததும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. மூன்றில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை, வண்டி நொண்டியடித்தது. தெருவே இருமியது.

“புதுசு இல்லா, அப்படித்தான் இருக்கும். செட் ஆகணும்” என்று இசக்கியை அனுப்பிவிட்டேன். பொய். சுத்தப் பொய். பிரித்துப் புதுப்பித்த இஞ்சின் அப்படி ஓடாது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது, வேலை செய்கிற சிலிண்டராக இருந்தால் இஞ்சின் சத்தம் மாறும். இரண்டாவதைத் தளர்த்தினபோது சத்தம் மாறவே இல்லை. அப்போ நோயாளி இரண்டாவது. முதலாவது இன்ஜெக்டரையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டேன். அப்போதும் செத்துக் கிடந்தது இரண்டாவதுதான். இன்ஜெக்டரில் கோளாறு இல்லை. அப்படியானால் எங்கே?

இங்கேதான் தம்பிகளா, முப்பத்து நாலு வருடம் கிராங்க் செக்‌ஷனில் இருந்த ஒருத்தன் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். அடியைத் திறந்தேன். ரிங் உடைந்திருக்குமோ, லைனரில் கீறலோ என்று. மறுபடியும் ஆயிலை வடித்து, இன்ஜெக்டரோடு சேர்த்தே ஹெட்டை இறக்கி, இரண்டாவது பிஸ்டனை வெளியே எடுத்தேன். குறை ஒன்றும் இல்லை. குறையில்லாத வேலையை இரண்டு நாள் குடைந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான், அதனால் அங்கேயே தேடினேன். ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட்டைப் புதிதாக வாங்கிப் போட்டு, சனிக்கிழமை காலை மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். அதே புகை, அதே நொண்டி. மறுநாள் ஞாயிறு.

தார்ப்பாய்க்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செல்வக்கனி மோர் கொண்டுவந்து வைத்தாள்.

“மேல் பாகம் தெரிஞ்சவுக யாரையாவது கூப்பிடுங்களேன்.”

“எனக்குத் தெரியாதா? முப்பத்து நாலு வருசம்…”

“முப்பத்து நாலு வருசமும் ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தா கிராங்கு, பிஸ்டனு, கிராங்கு, பிஸ்டனு. ஒரு நாளாவது இன்ஜெக்டருன்னு உங்க வாயில வந்துச்சா? எனக்கே தெரியுது. ஒரு பொம்பளைப் பிள்ளை பொழப்பு நடுத்தெருவுல நிக்குது. இப்பவும் உங்களுக்கு மானம்தான் பெருசா இருக்கு, என்ன?”

சுருக்கென்றது. பென்ஷன்காரர்கள் குரூப்பிலிருந்து லலிதா மேடத்தின் நம்பரை எடுத்தேன். பத்து நிமிடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

“மேடம், நான் முத்தையா. கிராங்க் செக்‌ஷன்.”

“குரல் தெரியறது. சொல்லுங்கோ.”

சொன்னேன்.

“கீழே எத்தனை தரம் திறந்தேள்?”

“ரெண்டு தடவை மேடம்.”

“மேலே?”

நான் திரும்பி ஹெட்டைப் பார்த்தேன்.

“விலாசம் அனுப்புங்கோ. டாக்ஸி பிடிச்சுண்டு வரேன்.”

மூன்று மணிக்கு வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. நூல் புடவை, தோளில் பை. சாயாகூட வேண்டாம் என்றார். விஷயம் கேள்விப்பட்டு இசக்கியும் மேலேயிருந்து இறங்கி வந்து ஓரமாக நின்றாள். மேடம் இஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். இரண்டாவது நட்டைத் தளர்த்திப் பார்த்துத் தலையாட்டினார். இஞ்சினை நிறுத்தி, “இதை எடுங்கோ” என்றார். இரண்டாவது இன்ஜெக்டரைக் கழற்றினேன். பையிலிருந்து நீளக் காம்பு வைத்த சின்ன வட்டக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து அந்தக் குழிக்குள் விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“முத்தையா, முதல் தரம் இன்ஜெக்டர் கழட்டினேளே. செம்பு வாஷர் எத்தனை வந்தது?”

ஒவ்வொரு இன்ஜெக்டரின் மூக்குக்குக் கீழேயும் ஒரு செம்பு வாஷர் உண்டு, காசு மாதிரி. அது இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் எண்ணவில்லை. பழைய சாமானைப் போட்டிருந்த டால்டா டப்பாவைக் கொண்டுவந்து பேப்பரில் கொட்டினேன். பம்ப் கடையில் மாற்றித் தந்த பழைய நாசில், அதுதான் இன்ஜெக்டரின் மூக்கு, மூன்று. வாஷர் இரண்டு.

மூன்றாவது வாஷர் அந்த இரண்டாவது சிலிண்டரின் குழிக்குள்ளேயே இருந்தது. கரி பிடித்து, ஹெட்டோடு ஹெட்டாகக் கறுத்து, அடித்தளம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் மேலேயே நான் புது வாஷரையும் போட்டுப் பூட்டியிருக்கிறேன். ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. இன்ஜெக்டரின் மூக்கு ஒரு நூல் மேலே நின்றுபோக, டீசல் விழவேண்டிய இடத்தில் விழாமல் எரியாமல் புகையாக வந்திருக்கிறது. பம்ப் கடைக்காரர் இன்ஜெக்டரை மட்டும் பார்த்தார், சரியாக இருந்தது. லேத் கடைக்காரர் ஹெட்டின் அடியையும் வால்வையும் மட்டும் பார்த்தார், அதுவும் சரியாக இருந்தது. நான் என் பாதியைப் பார்த்தேன், அதுவும் சரிதான். மூன்று பேரும் அவரவர் வேலையில் கெட்டிக்காரர்கள். அந்தக் குழி யாருடைய செக்‌ஷனும் இல்லை.

“மேடம்,” என்றேன். இசக்கி நிற்கிறாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். “இதுக்கு முன்னால என் கையால ஒரு இன்ஜெக்டர்கூட கழட்டினது கிடையாது.”

“தெரியும். உங்க செக்‌ஷன்ல யாருமே கழட்டினதில்லை” என்றார். டார்ச்சை அணைத்துவிட்டு, “நான் ஒரு பிஸ்டனைக்கூடத் தூக்கினதில்லையாக்கும். ஷாப்புக்கே ஃபோர்மனா இருந்தேன். கை அழுக்காயிடும்னு இல்லை, உங்களையெல்லாம் கேக்க வெக்கமா இருந்தது. அதனாலதான் எண்ணிக்கையை மட்டும் கேட்டுண்டிருந்தேன்” என்றார்.

ஒன்பது வருடம் நான் திமிர் என்று நினைத்தது அதுவா? கேபினைத் தாண்டிப் போன அந்தச் சாயங்காலம் நெஞ்சில் வந்து குத்தியது. “அன்னைக்கு உங்களுக்கு பேடா தராம வந்துட்டேன் மேடம்” என்றேன். “ஆமா, நன்னா ஞாபகம் இருக்கு” என்றார். செல்வக்கனி உள்ளே ஓடிப்போய், பேடாவுக்கு எங்கே போவாள், வெல்லக்கட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். மேடம் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, “ம், வேலையைப் பாருங்கோ” என்றார்.

தன் கை இப்போது நடுங்குகிறது என்று சொல்லி என்னையே செய்யவைத்தார். முதலில் டீசல் விட்டு ஊறவைத்தோம். பழைய எலிவால் அரத்தின் நுனியில் கிரீஸ் தடவச் சொன்னார். கரித்தூள் உள்ளே சிலிண்டருக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளுமாம். நுனியை வாஷரின் துளைக்குள் இறுக்கி, லேசாகத் தட்டி, திருகினேன். அசையவில்லை. “அவசரம் வேண்டாம், பல் கடிக்கிற மாதிரி கடிக்கணும். இன்னும் ஒரு தட்டு.” தட்டினேன். திருகினேன். க்ளிக் என்று விட்டது. மேலே இழுத்தால், அரத்தின் நுனியில் கறுப்பாக ஒரு வளையம். குழியைத் துடைத்து, இன்ஜெக்டர் இல்லாமலே இஞ்சினைச் சுற்றவிட்டு மிச்சத் தூளை வெளியே ஊதவைத்தோம். புது வாஷர் ஒன்றே ஒன்று. மூன்று எடுத்தாயிற்று, மூன்று போட்டாயிற்று என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

சாவியைத் திருப்பியதும் முதல் இழுப்பிலேயே பிடித்தது. புகை ஒரு வீச்சு வந்து நின்றுவிட்டது. மூன்றும் சேர்ந்து, ஒரே சீராக, தடதடவென்று. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அறுபது தாண்டியவன் தெருவில் நின்று அழுதால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்! இசக்கி போனை எடுத்தாள். “சேட், கல் மத் ஆனா. காடி சாலூ ஹோ கயா” என்றாள். நாளைக்கு வராதீர்கள், வண்டி ஓடுகிறது என்று. அந்தப் பக்கம் பங்கார்க்காரர் என்ன சொன்னாரோ, இவள் சிரித்துக்கொண்டே கட் பண்ணினாள்.

ஆகவே தம்பிகளா, உங்கள் கடிதத்துக்கு நான் துணை நிற்கமாட்டேன். முழு இஞ்சினையும் கற்றுக்கொள்ளுங்கள். முதல் வருடம் தப்பு வரும், கையிலும் மானத்திலும் காயம் படும், பட்டால் படட்டும். ஒரு பாதியில் ராஜாவாக இருந்துவிட்டு மறுபாதி வாசலில் பிச்சைக்காரனாக நிற்பது நல்ல அனுபவம் இல்லை. அடுத்த வாரம் ரஃபீக் ஒரு பழைய ஜெனரேட்டர் கொண்டுவருகிறார். லலிதா மேடமும் வருகிறார். அடிப்பாகத்தை அவர் பூட்டப் போகிறார், மேல் பாகத்தை நான். அவர் பூட்டும்போது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கப் போகிறேன், அந்த ஆசை எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டால் மனசாட்சி உறுத்தும்.

மேடத்தை டாக்ஸியில் ஏற்றிவிட்டு வந்ததும் இசக்கியிடம் போனேன். அவள் டேங்கரை மாட்டி முடித்து சீட்டில் ஏறியிருந்தாள். மேலே போகக் குழாயடியில் தண்ணீர் நிரப்பியாயிற்று.

“இசக்கி, நான் உன்கிட்ட மறைச்சுட்டேன். எனக்குப் பாதி இஞ்சின்தான் தெரியும். ஒன் பொழப்பை வச்சு விளையாடிட்டேன். மன்னிச்சுக்கோ” என்றேன்.

“அது எனக்கு மொத நாளே தெரியும், அண்ணாச்சி” என்றாள். “ஹெட்டைக் கழட்டும்போது மூணு தடவை உள்ள போயிப் போயித் தண்ணி குடிச்சிட்டு வந்தீக.”

“தெரிஞ்சுமா எங்கிட்ட விட்ட? வேற யார்கிட்டயாவது கொண்டு போயிருக்கலாம்லா?”

“கேட்டுப் பாத்தாச்சு. ஒங்க வாசலுக்கு வாரதுக்கு முன்னால ஆறு மெக்கானிக்கு வந்து பாத்துட்டுப் போனாக. ஆறு பேரும் முழு இஞ்சினும் தெரிஞ்சவுகதான். ஒருத்தருகூட ஓடும்னு சொல்லல.”

சொல்லிவிட்டு கியரைப் போட்டாள். நிறைந்த டேங்கரை இழுத்துக்கொண்டு வண்டி மேட்டில் ஏறியது.